எல்லைவீட்டு விளக்கின் நிறம்

ஜூன் 4

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மேலே ஒரு விடுதியின் முகவரி, கீழே “யாரிடமும் சொல்லாதே” என்று இரட்டை அடிக்கோடு, நடுவில் நான்கே வரி. ஐந்து மாதம் காணாமல் போன ஒருத்தி எழுதுகிற கடிதமா இது? பால்காரருக்கு எழுதி வைக்கிற சீட்டு இதைவிட நீளமாக இருக்கும்.

போகிறவர்கள் போய்விடுகிறீர்கள். இருக்கிறவன் அல்லவா எல்லாருக்கும் பதில் சொல்லித் திரிய வேண்டியிருக்கிறது? அம்மா டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். எழுப்பினால் “அவளா?” என்கிறாள். பெண்டாட்டி போன பிறகும் மாமா வாரம் தவறாமல் வருகிறார். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, கசங்காத சட்டையோடு வந்து, அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, உன் பழைய அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறார். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லச் சொல்லு, போதும்” என்றார். உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோபப்படாதே, தோன்றுவதைச் சொல்கிறேன்.

நான் அதே வேலைதான். வக்கீல் குடும்பத்துச் சீரியல், அதே கலை இயக்குநர், அதே பசை வாளி. எல்லாரும் இன்னும் கோந்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு விஷயம் உனக்குப் பிடிக்கும். வக்கீலின் அலமாரியில், சட்டப் புத்தகங்களுக்கு நடுவே, ஒற்றைக் கண் மர ஆந்தை ஒன்றை வைத்திருக்கிறேன். யாருக்காக வைத்தேன் என்று நீயே யோசி. இயக்குநர் பார்க்கவில்லை. ஆனால் ரசிகர்கள் பார்த்துவிட்டார்கள். ‘எல்லைவீடு’ புத்தகத்தில் வருகிற ஆந்தை அல்லவா அது என்று இணையத்தில் ஒரு பக்கமே தொடங்கி, வாரா வாரம் அடுத்தது என்ன என்று தேடுகிறார்கள்.

போன் நம்பர் கொடு. எழுதி எழுதி எனக்குப் பழக்கமில்லை.

கோந்து


ஜூன் 13

கோந்துப் பயலுக்கு,

ஆந்தையை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். விடுதிக் கூடத்தில் சாப்பாடு முடிந்ததும் எல்லாப் பெண்களும் உன் சீரியலைத்தான் பார்க்கிறோம். வக்கீல் மருமகளைக் கண்டாலே எல்லாரும் வைகிறார்கள். நான் மட்டும் அலமாரியைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பால்தான் உனக்கு எழுதும் தைரியம் வந்தது.

போன் கிடையாது. காரணத்தை ஒரு தடவை எழுதுகிறேன், பிறகு கேட்காதே.

உன் மாமா கல்யாண வீடுகளில் பெரியப்பா மாதிரி, அம்மா மாதிரி, உன்னை மாதிரி பேசிக் காட்டுவாரே, வயிறு வலிக்கச் சிரிப்போமே. நான் முதலில் போய்த் தங்கியது என் தோழி வீட்டில். அங்கே ஒரு நாள் போன் வந்தது. “அக்கா, நான்தான், அம்மாவுக்கு முடியல, வாசலுக்கு வா, வண்டியோட நிக்கிறேன்.” உன் குரல்டா. நீ மூச்சு வாங்குகிற மாதிரியே. நான் செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தேன். வண்டியில் இருந்தது நீ இல்லை. தோழியின் அண்ணன் அந்த நேரம் வந்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

அவர் என்னை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது. இரண்டு முறை புகார் கொடுத்தேன். “உங்களத் தேடித்தான் வந்தாருன்னு யாராவது பாத்தாங்களா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். கசங்காத சட்டையைப் பார்த்தால் யாருக்குமே நம்ப முடிவதில்லை. உனக்கும்தான்.

என் வலது காது கேட்காது. சளி பிடித்து அடைத்துக்கொண்டது என்று வீட்டில் சொன்னேன், நீ நம்பினாய். சளியில் யாருக்காவது ஒரே நாளில் காது போகுமா என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது, எழுதிவிட்டேன், விடு.

கையெழுத்தை அவரால் காட்ட முடியாது. அதனால் இனிமேல் கடிதம்தான். சின்ன வயதில் உனக்குப் படித்துக் காட்டினேனே, எல்லைவீட்டில் குரல்மாறி கதவைத் தட்டும் இடம், நினைவிருக்கிறதா? அது அம்மா குரலில் கூப்பிடும், அப்பா குரலில் கூப்பிடும், தம்பி குரலில் அழும். ஆனால் தெருவில் நின்று பார்த்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். வீட்டுக்குள்ளே நடந்தது தெரியாது. விளக்குக்காரி அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள்.

அது போகட்டும், உன்னிடம் எனக்கு ஒரு சண்டை பாக்கி. விளக்குக்காரியின் விளக்கு பச்சை. புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பச்சை. உங்கள் ஆட்கள் எடுத்த படம் வந்ததிலிருந்து நகைச்சுவை நிகழ்ச்சி, பிஸ்கட் விளம்பரம், குழந்தைகள் பாட்டு எல்லாவற்றிலும் நீலம். நேற்றுக்கூட ஒரு படத்தில் கதாநாயகன் நீல டார்ச்சைத் தூக்கிக்கொண்டு எல்லைவீட்டு வசனம் பேசுகிறான், பக்கத்தில் உட்கார்ந்த பெண் கைதட்டுகிறாள். “பச்சைம்மா” என்றேன். “என்னக்கா, படத்துலயே நீலம்தானே” என்கிறாள். எந்தப் புண்ணியவான் இதைச் செய்தான்?

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க வெந்நீரும் வெள்ளைத் துணியும். இங்கே என்னை ‘டீச்சர்’ என்கிறார்கள், காரணம் தெரியாது. அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல். எங்கே என்று சொல்லாதே.

அக்கா


ஜூன் 25

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. அந்தக் குரலைப் பற்றி நினைத்தால் எனக்கு என் வாயைத் திறக்கவே கூசுகிறது. காதைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மாமா வந்தால் இப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பினால் சந்தேகம் வரும் என்று பழையபடியே பேசுகிறேன். நடிகர்களுக்கு நடுவில் வேலை செய்து இவ்வளவாவது கற்றுக்கொள்ளாமல் இருந்தால் எப்படி?

இனி சண்டைக்கு வருகிறேன். அந்தப் புண்ணியவான் நான்தான். படம் எடுத்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பச்சை விளக்கைத்தான் முதலில் வைத்தோம். ஒளிப்பதிவாளர் பார்த்துவிட்டு, “கதாநாயகி மூஞ்சி காமாலை வந்த மாதிரி இருக்குப்பா, மாத்து” என்றார். வேறு எதுவும் கைவசம் இல்லை. நீலத் தாள் ஒன்று கிடந்தது, கண்ணாடிக்குள் ஒட்டினேன். ஒட்டியது ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு ஊர் உலகமே நீலம் என்று நம்புகிறது. புத்தகம் படித்தவர்கள் எத்தனை பேர், படம் பார்த்தவர்கள் எத்தனை பேர்! அந்த விளக்கு இன்னும் எங்கள் சாமான் கிடங்கில் கிடக்கிறது, உனக்கு வேண்டுமானால் பார்சல் அனுப்புகிறேன்.

இன்னொரு வேடிக்கை கேள். எல்லைவீட்டை இப்போது தொடராக எடுக்கப் போகிறார்கள். ஊருக்கு வெளியே மூடிப்போன ஒரு தொழிற்சாலை மைதானத்தில் முழுத் தெருவே போட்டிருக்கிறோம். பதினோரு வீடு, வாசல், படி, சன்னல், பாசி பிடித்த சுவர் எல்லாம். சாலையில் போகிறவர்கள் நிஜத் தெரு என்றே நினைக்கிறார்கள். போன வாரம் ஒருவர் மனைவியோடு வந்து, “மாடி போர்ஷன் வாடகைக்கு இருக்குமா தம்பி?” என்றார். கடைசி வீட்டுக் கதவைத் திறந்து காட்டினேன். பின்னால் மூங்கில் சாரம், சேறு, அப்புறம் வானம். அந்த அம்மா பயந்து பின்னால் நகர்ந்துவிட்டார். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அறை எப்படி இருக்கிறது? சன்னல் உண்டா? எழுது.

கோந்து


ஜூலை 5

கோந்துப் பயலுக்கு,

நீலத் தாள் ஒட்டிய கையை முறிக்க வேண்டும். அம்மா உன்னைப் பெற்றதற்கு ஒரு பாய் வாங்கியிருக்கலாம்.

சன்னல் உண்டு. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? சன்னலைத் திறந்தால் எதிரே ஒரு பழைய நூல் ஆலை. அதன் மணிக்கூண்டில் ஒரே ஒரு முள்தான் மிச்சம், அதுவும் கீழ்ப்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது. எல்லைவீட்டில் முள் இல்லாத மணிக்கூண்டு வருமே, அது கிழவியான மாதிரி. ஒன்பது என்ற எண்ணுக்குள்ளிருந்து ஒரு ஆலஞ்செடி முளைத்திருக்கிறது. பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் யாரோ குழந்தைகளுக்காக வரைந்த பெரிய மஞ்சள் மீன், வாலில் பாதி உரிந்துவிட்டது. காலையில் சலவைக்கூடத்துக்குக் கிளம்பும் முன் அந்த மீனைப் பார்த்து நின்றுகொண்டே டீ குடிப்பேன். இத்தனை வருஷத்தில் யாரும் “என்ன பார்க்கிறாய்” என்று கேட்காமல் நான் ஒன்றைப் பார்த்தது இப்போதுதான்.

ஒன்று கவனம். நம் புத்தகத்தைப் பற்றி அவரிடம் பேசாதே. நான் அதைப் படிக்கும்போதெல்லாம் அவருக்கு ஆகாது. ஒரு நாள் அட்டையைக் கிழித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம்கூடப் புரட்டிப் பார்த்ததில்லை.

எனக்குத் தூக்கம் வருகிறது, நம்புவாயா? படுத்ததும் வருகிறது.

அக்கா


ஜூலை 21

அக்கா,

இந்த வாரம் சீரியலைத் தவறவிடாதே. வெள்ளிக்கிழமை. வக்கீலின் புது அலுவலகச் சன்னலைப் பார். வேறு எதையும் இப்போது சொல்ல மாட்டேன். மூன்று நாள் நானே தனியாக வரைந்தேன், யாரையும் தூரிகையைத் தொட விடவில்லை. கலை இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, “எங்கேருந்துடா புடிச்ச, உயிரோட இருக்கு” என்றார். என் வேலையைப் பார்த்து அவர் அப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.

நான் மாமாவிடம் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. அவராகவே பேசினார். ரசிகர் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். “இதெல்லாம் நீ வைக்கிறதுதானே? ஒங்க அக்கா பைத்தியம் ஒனக்கும் ஒட்டிக்கிச்சு” என்று சிரித்தார். “புத்தகம் படிக்கப் பொறுமை இல்ல, படத்த ரெண்டு தடவ பாத்துட்டேன். இப்ப எனக்கும் எல்லாம் புரியுது” என்றார். நான் சும்மா சிரித்து வைத்தேன். சீரியலை இப்போது அவர் ஒரு நாள்கூட விடுவதில்லையாம். அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிறார்.

வெள்ளிக்கிழமை. சன்னல். மறக்காதே.

கோந்து


ஜூலை 26

தம்பி,

என்ன காரியம் செய்தாய்?

கூடத்தில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தோம். வக்கீல் சன்னல் திரையை விலக்கினார். என் மணிக்கூண்டு. என் ஆலஞ்செடி. என் மீன், வாலில் பாதி உரிந்தபடி. எல்லாரும் எழுந்து நின்று, “ஐயோ, இது நம்ம ஆலை! நம்ம தொட்டி!” என்று கத்திக் கைதட்டினார்கள். ஒருத்தி உடனே போனை எடுத்து நம் சன்னலைப் படம் பிடித்து அந்த ரசிகர் பக்கத்தில் போட்டுவிட்டாள், ஊர்ப் பெயரோடு. பெருமைக்குத்தான் செய்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? “எல்லைவீட்டு மணிக்கூண்டு கிடைச்சாச்சு” என்று அதற்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அளந்தால் எங்கள் தெருவில் மூன்று கட்டடம்தான் தேறும். அதில் பெண்கள் தங்குகிற இடம் ஒன்றே ஒன்று.

உன்னைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. நீ எனக்கு ஒரு பரிசு கொடுக்க நினைத்தாய் என்று தெரியும். அது தெரிந்ததால்தான் இன்னும் அழுகை வருகிறது. உனக்கு மட்டும் சொன்னதை ஊருக்கே மாட்டிவிட்டாயே.

விடிந்ததும் கிளம்புகிறேன். சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கும் பெண்ணின் அக்கா வீடு ஒன்று வேறு ஊரில் இருக்கிறது. முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துப் போடு. பழைய முகவரிக்கு இனி எழுதாதே. அம்மாவிடம்கூடச் சொல்லாதே, அவளிடம் அவர் எதையும் வாங்கிவிடுவார்.

அக்கா


ஜூலை 27

அக்கா,

உன் விடுதிக்கு இது வந்து சேரும்போது நீ அங்கே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். ரசிகர் பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். ஊர்ப் பெயர், ஆலைப் பெயர், தெரு எல்லாம் போட்டுவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். எல்லைவீட்டு மணிக்கூண்டு என்று யாராவது கண்டுபிடிப்பார்கள், அத்தோடு முடியும் என்று நினைத்தேன். அது நிஜத்தில் இருக்கிற ஒன்று என்பதே என் புத்தியில் உறைக்கவில்லை. செட் போட்டுப் போட்டு எல்லாமே அட்டை என்று ஆகிவிட்டது எனக்கு.

மாமா நேற்று வரவில்லை. கல்லூரியில் விடுப்பு என்று அம்மா சொன்னாள்.

உடனே கிளம்பு. எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் முகவரியை எனக்கு மட்டும் எழுது. நம் விளக்குக்காரி மாதிரி கவனமாக இரு.

கோந்து


ஆகஸ்ட் 11

அன்புள்ள கோந்துவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தில் வலது கை மாட்டிக்கொண்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். அறையில் கூட இருக்கும் பெண்ணிடம் சொல்லி எழுதுகிறேன்.

உன் கடைசிக் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே வேறு இடத்துக்குப் போய்விட்டேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மணிக்கூண்டை வரைந்ததற்கு யாராவது தம்பியைக் கோபித்துக்கொள்வார்களா? நீ என்றைக்கும் என் செல்லத் தம்பிதான்.

ஆனால் ஒரு குழப்பம். அவசரத்தில் உனக்குப் புது முகவரியை எழுதினேன், அதில் தெருப் பெயரைத் தவறாக எழுதிவிட்டேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. உன்னிடம் எந்த முகவரி இருக்கிறது என்று அப்படியே எழுதி அனுப்பு. தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். கடிதத்தைப் பழைய விடுதிக்கே அனுப்பு. விடுதி அம்மா நல்லவர், யார் மூலமாவது எனக்குச் சேர்த்துவிடுவார்.

சீக்கிரம் எழுது. தனியாக இருக்க ஒரு மாதிரியாக இருக்கிறது. நம் விளக்குக்காரி மாதிரி நானும் நீல விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்
அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

மனப்பாடம் செய்த முகவரிக்கு எழுதுகிறேன். இதைப் படிக்கிறவள் நீதான் என்று நம்புகிறேன்.

உன் பெயரில் ஒரு கடிதம் வந்தது. கை அடிபட்டது என்று படித்ததும் வேறு எதையும் யோசிக்கவில்லை. உடனே பதில் எழுதத் தாளை எடுத்து, உன் புது முகவரியில் வீட்டு எண்ணையும் எழுதிவிட்டேன். தெருப் பெயரை எழுதும் முன் இன்னொரு தடவை உன் கடிதத்தைப் பார்ப்போம் என்று பிரித்தேன். கடைசி வரியில் நீல விளக்கு.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. அந்த நீலம் நான் ஒட்டியது. செத்தாலும் நீ அதை நீலம் என்று எழுத மாட்டாய். பிஸ்கட் விளம்பரத்தோடு சண்டை போடுகிறவள் நீ. விடுதிக்கு நான் அனுப்பிய கடிதத்தில் விளக்குக்காரி என்று இருந்ததை மாமா பார்த்துவிட்டு, நம்மை மாதிரியே ஒரு வரி சேர்த்தால் நான் நம்புவேன் என்று எழுதியிருக்கிறார். படத்தை இரண்டு தடவை பார்த்தவருக்குப் படத்தில் இருந்ததுதானே தெரியும்? தெருவில் நின்று பார்த்தது.

அந்தத் தாளைக் கிழித்து, கிழித்ததையும் எரித்தேன்.

காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “கடிதத்தில அவரு கையெழுத்து இல்ல. ஒங்க அக்காவத் தேடி அவரே நேர்ல ஒரு வாசல்ல வந்து நின்னா, அத எங்க ஆள் பாத்தா, அப்ப புடிக்கலாம். உத்தரவ மீறினதுக்கு அதுவே போதும்” என்றார். ஆள் அனுப்புவீர்களா என்றேன். “முடிஞ்சா அனுப்பறேன், உறுதியாச் சொல்ல முடியாது” என்றார்.

வாசல்தானே வேண்டும்? என்னிடம் பதினொன்று இருக்கிறது.

கடைசி வீட்டு முகவரியைத்தான் அவருக்கு அனுப்பப் போகிறேன். சாலையிலிருந்து பார்த்தால் குடியிருக்கிற வீடு. அந்த வாரம் படப்பிடிப்பு இல்லை. தச்சர்கள் இருவரிடம் சொல்லியிருக்கிறேன், கூட இருப்பதாகச் சொன்னார்கள். வருவார்களா தெரியாது, ஒருவருக்கு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். யாரும் வராவிட்டாலும் நான் இருப்பேன். யாராவது ஒருவன் பார்க்க வேண்டும் அல்லவா?

சின்ன வயதில் எல்லைவீடு படித்துக் காட்டும்போது ஒரு அத்தியாயத்தை மட்டும் நீ தாண்டிவிடுவாய். “அது நல்லா இல்லடா” என்பாய். நேற்று கிடங்கிலிருந்த பிரதியில் அதைப் படித்தேன். ஏன் தாண்டினாய் என்று இப்போது தெரிகிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

கோந்து


ஆகஸ்ட் 19

கோந்து,

போகாதே.

விடுதியில் கூட இருந்த பெண் சலவைக்கூடம் வழியாகச் செய்தி சொல்லி அனுப்பினாள். “டீச்சர், உங்க தம்பி வந்திருந்தாரு. ரொம்பத் தன்மையா பேசினாரு. உங்களுக்கு வந்திருந்த கடிதத்த வாங்கிட்டுப் போனாரு” என்றாளாம். அவள் உன்னைப் பார்த்ததில்லை. ஆனால் வாசலில் நின்றவர் உன் பெயரைச் சொல்லி, உன்னை மாதிரியே மூச்சு வாங்கிப் பேசியிருக்கிறார். அதோடு போகவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து, சன்னலைத் திறந்து, அந்த மீனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். போகும்போது சன்னல் கொக்கியைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டிலும் எந்தச் சன்னலுக்கும் கொக்கி கிடையாது. அதெல்லாம் அவர் மேசை இழுப்பறையில் இருக்கும்.

நான் தாண்டிய அத்தியாயத்தில் விளக்குக்காரியின் தம்பி பின்கதவு வழியாக வெளியே போகிறான். குரல்மாறி அவனைத் தொடர்ந்து காட்டுக்குள் போகட்டும், அக்கா தப்பிக்கட்டும் என்று. அவன் திரும்பி வந்தானா என்று புத்தகம் சொல்லாது. சின்ன வயதில் நீ அதைக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று பயந்துதான் தாண்டினேன். நீயோ அது பிடித்திருந்தது என்று எழுதுகிறாய். உனக்கு அறிவு இருக்கிறதா?

நான் இன்னும் தூரமாகப் போய்க்கொள்கிறேன். எங்கேயாவது ஓடிப் பழகிவிட்டது. என்னைத் தேடித் தேடி அவர் அலுத்துப்போகட்டும். ஏமாந்தது தெரிந்தால் அவர் கை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ சட்டையைத்தான் பார்த்திருக்கிறாய்.

அந்தக் கடிதத்தை அனுப்பாதே. அனுப்பிவிட்டாய் என்றால் அங்கே போகாதே. எனக்கு உடனே எழுது. முதல் வரியில் விளக்கின் நிறத்தை எழுது, அப்போதுதான் நம்புவேன்.

அக்கா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கை இப்போது எப்படி இருக்கிறது? நீ சொன்னபடி பழைய விடுதிக்கே எழுதுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அப்படி.

நீ சந்தேகப்பட்டது சரிதான். தெருப் பெயரைத் தவறாகத்தான் எழுதியிருந்தாய். நல்ல வேளை, நான் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன். சரியான முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். ஊருக்கு வெளியே, மூடிப்போன தொழிற்சாலையைத் தாண்டியதும் வலது பக்கம் ஒரு தெரு. பதினோரு வீடு. கடைசி வீடு உன்னுடையது. அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டம் குறைவு, சத்தமே இருக்காது. உனக்கு அமைதியான இடம்தானே பிடிக்கும்?

செவ்வாய்க்கிழமை மாலை நான் அங்கே வந்து உன்னைப் பார்க்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன் அல்லவா? அதில் மாற்றம் இல்லை. இருட்டும் முன் வந்துவிடுவேன். அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

வீடு தெரியாமல் யாரும் தடுமாறக் கூடாது என்று வாசலில் விளக்கு ஒன்று மாட்டிவைக்கிறேன். நம் விளக்குக்காரியின் விளக்கு. நீ எழுதியிருந்தபடியே, நீலம்.

கதவைத் தட்ட வேண்டியதில்லை அக்கா. தாழ்ப்பாள் கிடையாது. தள்ளினால் போதும், திறந்துகொள்ளும்.

கோந்து